திரையில் மறையும் வினைமுதல்

“குண்டு விழுந்தது, நகரம் அழிந்தது.” இவ்விரு தொடர்களையும் ஒரு மாணவன் எழுதிக் காட்டினால் தமிழாசிரியர் அவற்றில் பிழை காண மாட்டார். எழுவாய் இருக்கின்றது, பயனிலை இருக்கின்றது, திணையும் எண்ணும் காலமும் பொருந்தியிருக்கின்றன. ஆயினும் உலகில் எந்தக் குண்டும் தானே புறப்பட்டு வந்து விழுவதில்லை. அதனைச் செய்தவன் ஒருவன், ஏவியவன் ஒருவன், ஏவுமாறு கட்டளையிட்டவன் ஒருவன் என மூவர் அதன் பின்னால் நிற்கின்றனர். அம்மூவரையும் வெளியே நிறுத்திவிட்டுக் குண்டையும் நகரத்தையும் மட்டும் உள்ளே வைத்துப் பேசும் தொடர் இலக்கணத்திற்குப் பொருந்தும், உண்மைக்குப் பொருந்தாது.

போரைக் காட்டும் ஆவணப்படங்களும் தொலைக்காட்சி நாடகங்களும் பல வேளைகளில் இத்தகைய தொடர்களாகவே அமைந்துவிடுகின்றன. இடிந்த வீடு தெரிகின்றது. அழும் தாய் தெரிகின்றாள். பின்னணியில் துயர இசை எழுகின்றது. ‘போர் கொடியது’ என்னும் முடிவுரையோடு படம் நிறைவுறுகின்றது. யார் தொடுத்த போர், எவர் நிலத்தில் நிகழும் போர் என்னும் வினா எழுவதே இல்லை. தொலைநாட்டில் அமர்ந்து காண்பவர் கண்ணீர் சிந்திவிட்டு மனநிறைவோடு உறங்கச் செல்கின்றார்.

உக்ரேனியப் பார்வையாளர் அவ்வாறு உறங்கச் செல்வதற்கில்லை. 2014ஆம் ஆண்டு ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் அதன் படைகள் வடக்கு, கிழக்கு, தெற்கு ஆகிய முத்திசைகளிலிருந்தும் உக்ரேனுக்குள் நுழைந்தன. அன்று முதல் திரையில் ஓடும் காட்சிக்கும் சாளரத்திற்கு வெளியே நிகழும் நிகழ்ச்சிக்கும் இடையே இருந்த சுவர் அவருக்கு இல்லாமற் போயிற்று. வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலி திரையிலிருந்து எழுகின்றதா, தெருவிலிருந்து எழுகின்றதா என்று தெரிந்துகொண்ட பின்னரே அவர் படத்தைத் தொடர முடியும். மின்சாரம் நின்றுபோனால், பாதியில் நின்ற படத்தின் மறுபாதியை என்று காண்பார் என்பதும் உறுதியில்லை.

இத்தகையவர் போர்ப்படங்களைப் பற்றிக் கூறும் குறைகளைப் ‘பாதிக்கப்பட்டவரின் சினம்’ என்று ஒதுக்கிவிடும் வழக்கம் திறனாய்வாளர் சிலரிடம் காணப்படுகின்றது. துயருற்றவர் நடுநிலையாளர் ஆகார் என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் பொருந்தாது. ‘செய்தவன் எங்கே?’ என்று உக்ரேனியர் கேட்கின்றார். இது சினத்தின் கேள்வியன்று. வினைமுதலைத் தேடும் இலக்கணத்தின் கேள்வி. அதற்கு விடையளிக்காத படம் எத்துணை அழகாக எடுக்கப்பட்டிருப்பினும் பொய்க்குத் துணைபோகின்றது. இதனைத் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயர் இழந்த நாடு

இக்கேள்வி 2022இல் பிறந்த கேள்வியன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் உக்ரேனின் நிலப்பரப்பு ஏறத்தாழ முழுவதையும் ஜெர்மானியப் படைகள் கைப்பற்றின. போர்க்களத்தில் மாண்ட வீரரையும் கொலையுண்ட பொதுமக்களையும் சேர்த்து எண்ணினால் அந்நாடு இழந்த உயிர்கள் பல பத்து இலட்சம். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஜெர்மானியர் கட்டாய உழைப்பிற்காகத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில் மட்டும், கீவ் நகரின் பாபின் யார் என்னும் பள்ளத்தாக்கில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றனர்.

இத்துணைப் பெரிய துயரத்தைத் திரை எவ்வாறு காட்டிற்று? மேலைநாட்டு வழக்கில் சோவியத்துப் படைவீரர் அனைவரும் ‘ரஷ்யர்’ ஆயினர். சோவியத்து வழக்கில் அனைவரும் ‘சோவியத்து மக்கள்’ ஆயினர். இவ்விரு வழக்குகளிலும் உக்ரேனியருக்குத் தனிப்பெயர் இல்லை. 1978ஆம் ஆண்டு அமெரிக்கரும் சோவியத்தினரும் கூட்டாகத் தயாரித்த ‘அறியப்படாத போர்’ என்னும் 20 பகுதித் தொடருக்கு நடிகர் பர்ட் லங்காஸ்டர் விளக்கவுரை வழங்கினார். கிழக்குப் போர்முனையை அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்தது அதன் தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1939ஆம் ஆண்டு ஸ்டாலினும் ஹிட்லரும் கிழக்கு ஐரோப்பாவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பிரிவுகள் உண்டு என்பதையே மாஸ்கோ 1989 வரை மறுத்து வந்தது. அந்த மாஸ்கோவின் படச்சுருள்களைக் கொண்டு, அதன் ஒத்துழைப்போடு எடுத்த தொடர் அப்பிரிவுகளைப் பற்றி எதனைச் சொல்லியிருக்க இயலும்? தலைப்பே ‘அறியப்படாத போர்’. அதற்குள்ளும் அறியப்படாத நாடு ஒன்று இருந்தது.

அந்நாட்டின் பெயரைத் திரையில் ஒலிக்கச் செய்ய முயன்ற கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் அலெக்சாந்தர் டோவ்ஷென்கோ. 1930ஆம் ஆண்டு வெளிவந்த ‘நிலம்’ என்னும் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றவர். போர் நடந்துகொண்டிருந்தபோதே ‘தீயில் உக்ரேன்’ என்னும் திரைக்கதையை அவர் எழுதினார். படைகள் பின்வாங்கியபின் பகைவரிடம் அகப்பட்டுக்கொண்ட சிற்றூர் மக்களின், குறிப்பாகப் பெண்களின், பாடுகளை அது பேசிற்று. 1944 ஜனவரியில் ஸ்டாலின் அதனை நேரடியாகக் கண்டித்தார். திரைக்கதைக்குத் தடை விழுந்தது. டோவ்ஷென்கோ தம் பதவிகளை இழந்தார். ஒரு நாட்டின் துயரத்தை அந்நாட்டின் பெயரால் சொன்னதே அவர் செய்த குற்றம்.

பெயரை மறைக்கும் கலை திரையோடு நின்றுவிடவில்லை. 1976ஆம் ஆண்டு சோவியத்து அரசு பாபின் யாரில் எழுப்பிய நினைவுச் சின்னம், அங்கே மாண்டவர்களைக் கீவ் நகரக் குடிமக்கள் என்றும் போர்க்கைதிகள் என்றும் குறித்ததே அன்றி, யூதர் என்னும் சொல்லைக் குறிக்கவில்லை. முன்னே கூறிய தொடரில் வினைமுதல் மறைந்தது. இங்கே செயப்படுபொருளே மறைந்தது. கொன்றவனை மறைப்பது ஒரு வகைப் பொய். கொலையுண்டவரை மறைப்பது மற்றொரு வகைப் பொய். உக்ரேனியப் பார்வையாளர் இவ்விரு வகைகளையும் மூன்று தலைமுறைகளாகப் பார்த்துப் பழகியவர். ஆதலின் திரை எதனைக் காட்டுகின்றது என்பதோடு எதனைக் காட்டாது விடுகின்றது என்பதையும் அவர் கண் உடனே தேடுகின்றது.

1973ஆம் ஆண்டு ஒளியேறிய ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ என்னும் 12 பகுதித் தொலைக்காட்சி நாடகம் இதற்கு மற்றொரு சான்று. பெர்லினில் நாஜி அதிகாரியின் உடையில் உலவும் சோவியத்து ஒற்றனே அதன் தலைவன். அது ஒளியேறிய மாலைகளில் நகரத் தெருக்கள் வெறிச்சோடின என்பர். உக்ரேனியரும் அதனை விரும்பிப் பார்த்தனர். நடிப்பிலும் நடையிலும் அது உயர்ந்த நாடகமே. ஆயினும் அதன் பயன் யாது? மக்கள் அஞ்சி நடுங்கிய உளவுத்துறைக்கு அமைதியும் அறிவும் நிறைந்த ஓர் அழகிய முகத்தை அது அளித்தது. ஆயுதம் ஏந்திய எந்தக் காவலரும் செய்ய முடியாததை ஒரு நல்ல நாடகம் செய்து முடித்தது.

விழுந்ததா? வீழ்த்தினரா?

உக்ரேனியரின் கேள்வி மலேசியருக்குத் தொலைவான கேள்வி என்று எண்ணுதல் கூடாது. 2014 ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேனின் ஹ்ராபோவே சிற்றூரை அடுத்த வயல்களில் சிதறிற்று. அதில் இருந்த 298 பேரும் மாண்டனர். அவர்களுள் 43 பேர் மலேசியர். அந்த 43 பேரில் 15 பேர் விமானப் பணியாளர்.

அந்நாள்களில் வெளிவந்த செய்திகளைத் தமிழ் மாணவன் ஒருவன் தொகுத்துப் பார்த்தால் மூன்று வினைகளை அவற்றுள் காண்பான். ‘விமானம் விழுந்தது’ என்றது ஒரு செய்தி. ‘விமானம் வீழ்த்தப்பட்டது’ என்றது மற்றொன்று. ‘விமானத்தை இன்னார் வீழ்த்தினர்’ என்று சொல்லத் துணிந்த செய்தி மிகச் சிலவே. முதலாவது தன்வினை, யாருக்கும் பொறுப்பில்லை. இரண்டாவது செயப்பாட்டு வினை. ஒருவன் செய்தான் என்பது தெரிகின்றது, ஆயின் ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு ஏற்க வேண்டிய பெயர் அங்கே வெற்றிடமாக இருக்கின்றது. மூன்றாவதே முழுமையான தொடர்.

அவ்வெற்றிடத்தில் பொய்ப்பெயர் ஒன்றை எழுத ஒரு தொலைக்காட்சி முன்வந்தது. 2014 நவம்பர் 14ஆம் நாள் ரஷ்யாவின் முதலாம் அலைவரிசை ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டிற்று. உக்ரேனியப் போர்விமானம் ஒன்று எம்எச்17ஐச் சுடும் காட்சி அது என்று சொல்லிற்று. அது போலிப் படம் என்பதைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் விரைவிலேயே வெளிப்படுத்தினர். ஆயினும் படம் மக்களின் கண்களுக்குள் சென்றுவிட்டது. கண்ணுக்குள் சென்ற பொய்யைக் காதுக்குள் செல்லும் மறுப்பு எளிதில் வெளியேற்றுவதில்லை.

வெற்றிடத்தை மெய்யால் நிரப்ப எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. 2022 நவம்பர் 17ஆம் நாள் நெதர்லாந்து நீதிமன்றம், ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த பூக் ஏவுகணையே விமானத்தை வீழ்த்தியது என்று கண்டு, மூவருக்கு அவர்கள் முன்னிலையில் இல்லாமலேயே வாழ்நாள் சிறைத்தண்டனை விதித்தது, நான்காமவரை விடுவித்தது. 2025 மே மாதம் அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றமும், 2025 ஜூலை 9ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்ய நாட்டின் பொறுப்பை உறுதிப்படுத்தின. இன்று அத்தொடரை முழுமையாக எழுதலாம். எழுதவும் வேண்டும்.

இவ்விமானம் வீழ்ந்த நாள்களைக் கதைப்பொருளாகக் கொண்டு உக்ரேனியப் பெண் இயக்குநர் மரீனா எர் கோர்பாச் 2022இல் ‘க்ளோண்டைக்’ என்னும் திரைப்படத்தை வழங்கினார். அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் இயக்கத்திற்கான பரிசைப் பெற்றது அது. நிறைமாதக் கருவுற்ற ஒரு பெண். குண்டு பட்டுச் சுவர் இல்லாமற்போன அவள் வீடு. அவ்வெற்றிடத்தின் வழியே தெரியும் வயல். வயலில் வந்து போகும் ஆயுதமேந்தியோர். படத்தில் எவரும் மேடையேறிப் பேசவில்லை. ஆயினும் அச்சுவரை உடைத்தது யார், அவ்வயலில் காவல் நிற்பது யார் என்பது பார்ப்பவருக்கு ஐயமறத் தெரிகின்றது.

கலை செய்தியறிக்கை ஆகிவிடக் கூடாது என்று அஞ்சுவோர்க்கு இப்படமே விடை. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்னும் சொல் வெளியே இல்லை. வினையின் விகுதி அதனைக் காட்டிவிடுகின்றது. நல்ல கலை அத்தகையது. இயக்குநர் ஒலெக் சென்சோவ் 2024இல் வெளியிட்ட ‘மெய்’ என்னும் படத்தையும் இவ்விடத்தில் நினைக்கலாம். ரஷ்யச் சிறையில் ஐந்தாண்டுகள் கழித்து, பின்னர் போர்வீரராகப் பதுங்குகுழியில் நின்ற அவருடைய தலைக்கவசத்தில் இருந்த ஒளிப்பதிவுக் கருவி, அவர் அறியாமலேயே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தது. அப்பதிவே படம். பகைவன் முகம் அதில் இல்லை. சூழப்பட்ட தோழரை மீட்க வானொலிக் கருவியில் அவர் மீண்டும் மீண்டும் அழைக்கும் குரலே உண்டு. எனினும் விகுதி தெளிவாக இருக்கின்றது. தோன்றா எழுவாய் வேறு, துடைத்தெறிந்த எழுவாய் வேறு. முன்னது கலை நுட்பம், பின்னது ஏமாற்று.

‘இரு பக்கமும்’ என்னும் மயக்கம்

2022 பிப்ரவரியில் போர் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன்னர் மரியுபோல் நகரத்திற்குள் சென்ற செய்தியாளர் எம்ஸ்திஸ்லாவ் செர்னோவும் அவருடைய குழுவினரும் மார்ச் 15 வரை அங்கே இருந்தனர். முற்றுகையிட்ட நகரத்தில் எஞ்சியிருந்த அனைத்துலகச் செய்தியாளர் அவர்களே. மார்ச் 9ஆம் நாள் ரஷ்யப் படை மகப்பேற்று மருத்துவமனையைத் தாக்கியது. தூக்குப்படுக்கையில் சுமந்து சென்ற கருவுற்ற பெண்ணின் படம் உலகெங்கும் பரவிற்று. பின்னர் அவளும் அவள் குழந்தையும் மாண்டனர். ரஷ்யத் தூதரகமோ, அங்கே படமெடுக்கப்பெற்ற மற்றொரு கருவுற்ற பெண்ணை வேடமிட்ட நடிகை என்றது.

அந்நாள்களின் பதிவே 2023இல் வெளிவந்த ‘மரியுபோலில் 20 நாள்கள்’. குண்டடிபட்ட குழந்தையைக் காப்பாற்றப் போராடும் மருத்துவர் ஒருவர் ஒளிப்பதிவாளரைத் தடுக்கவில்லை, படமெடுக்கச் சொல்கின்றார், அதனைப் புதினிடம் காட்டும்படி சொல்கின்றார். வினைமுதலை எழுதிச் சேர்க்க வேண்டிய தேவை இயக்குநருக்கு நேரவில்லை. மருத்துவரே அதனைச் சொல்லிவிட்டார். 2024 மார்ச்சில் இப்படம் ஆஸ்கர் பரிசு பெற்றது. உக்ரேனுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுவே. மேடையேறிய செர்னோவ், இப்படத்தை எடுக்க நேர்ந்திராவிட்டால் நன்றாயிருந்திருக்கும் என்னும் கருத்துப்படப் பேசினார். பரிசுக்கு நன்றி கூறும் மேடையில் அவ்வாறு பேசியவரின் உள்ளம் எத்தகையது என்பதை விளக்கவும் வேண்டுமா?

அதே ஆண்டு செப்டம்பரில் வெனிஸ் விழாவில் ‘போரில் ரஷ்யர்கள்’ என்னும் ஆவணப்படம் திரையேறிற்று. ரஷ்ய-கனடிய இயக்குநர் ஒருவர், உக்ரேனின் இசைவின்றி, ரஷ்யா கைப்பற்றிய உக்ரேனிய நிலத்தில் ரஷ்யப் படைப்பிரிவோடு பல மாதங்கள் தங்கி எடுத்த படம் அது. உக்ரேனியச் சமூகத்தார் கனடாவில் கடுமையாக எதிர்த்தனர். அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி ஒன்று தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. டொராண்டோ விழாக் குழுவினர் அச்சுறுத்தல்களைக் காரணம் காட்டித் திரையிடலை ஒத்திவைத்து, விழா முடிந்த பின்னர் காட்டினர்.

படத்தைத் தாங்கிப் பேசியோர், ‘ரஷ்ய வீரனும் மனிதன்; அவனுக்கும் தாய் உண்டு; அவனும் அஞ்சுகின்றான்; இரு பக்கமும் துன்பம் உண்டு’ என்றனர். இவற்றுள் ஒன்றையும் எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அச்சமுற்ற அம்மனிதன் நிற்கும் நிலம் எவருடையது? அவன் ஏவும் குண்டு எவர் கூரைமேல் விழுகின்றது? இக்கேள்விகள் படத்தின் அக்கறைக்கு வெளியே நிற்கின்றன என்பதே உக்ரேனியரின் குற்றச்சாட்டு. வீடு புகுந்து கொள்ளையிடுபவனுக்கும் கால் வலிக்கும். அவ்வலியை மட்டும் படமாக்கி, வீட்டுக்காரரையே அழைத்து இரக்கம் கொள்ளச் சொன்னால் அது நடுநிலை ஆகுமா?

ரஷ்ய வீரனின் குரலைக் கேட்க உக்ரேனியர் மறுக்கின்றனர் என்பதும் உண்மையன்று. 2024இல் பெர்லின் விழாவில் திரையேறிய ‘இடைமறித்தவை’ என்னும் ஆவணப்படத்தை உக்ரேனிய இயக்குநர் ஒக்சானா கார்ப்போவிச் எடுத்தார். ரஷ்ய வீரர்கள் தம் தாயரோடும் மனைவியரோடும் பேசிய தொலைபேசி உரையாடல்களை உக்ரேனிய உளவுத்துறை இடைமறித்துப் பதிவு செய்தது. அக்குரல்களே படம் முழுதும் ஒலிக்கின்றன. அன்பு, ஏக்கம், அச்சம், பேராசை, வன்மம் அனைத்தும் அக்குரல்களில் உண்டு. அவை ஒலிக்கும்போது திரையில் தெரிவனவோ, அவ்வீரர் புகுந்து சென்ற உக்ரேனிய வீடுகள்: உடைந்த சாளரங்கள், சிதறிய சமையற்கலங்கள், ஆளில்லாத கட்டில்கள். மனிதனையும் காட்டி, அவன் வினையையும் காட்டி, இரண்டையும் ஒரே தொடரில் சேர்த்து எழுதிய படம் இது. முன்னதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இரக்கத்தின் அளவில் இல்லை. தொடரின் முழுமையில் இருக்கின்றது.

நாடகத்தில் வரும் உக்ரேனியர்

ஆவணப்படம் இவ்வாறென்றால் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தின் நிலை என்ன? 2021 டிசம்பரில் வெளிவந்த ‘பாரிசில் எமிலி’ என்னும் அமெரிக்கத் தொடரின் இரண்டாம் பருவத்தில் உக்ரேனியப் பெண் ஒருத்தி வருகின்றாள். கடையில் பொருளைத் திருடிச் செல்வதே அவள் ஆற்றும் முதன்மைச் செயல். உக்ரேனியப் பண்பாட்டு அமைச்சரே அதனை வெளியிட்ட நிறுவனத்திடம் முறையிட்டார். ‘நகைச்சுவை நாடகத்துக்கு இத்துணை சினம் எதற்கு?’ என்று அன்று பலர் நகைத்தனர். இரண்டே மாதங்களில் அந்நாட்டின் நகரங்கள்மேல் ஏவுகணைகள் விழுந்தபோது, உலகின் பார்வையாளர் பலருக்கு உக்ரேனியரைப் பற்றித் தெரிந்திருந்தவை அத்தகைய நகைச்சுவைகளே. ஒரு மக்களை அற்பராகக் காட்டும் நாடகம் குண்டு வீசுவதில்லை. குண்டு விழும்போது ‘யாருக்கோ விழுகின்றது’ என்று எண்ணும் மனத்தை அது முன்கூட்டியே அமைத்துக் கொடுக்கின்றது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2019இல் வெளிவந்த ‘செர்னோபில்’ என்னும் ஐந்து பகுதித் தொடரில் மாந்தர் அனைவரும் ஆங்கிலமே பேசுகின்றனர். உண்மை நிகழ்ச்சியிலிருந்து விலகும் இடங்களும் உள. ஆயினும் 1986ஆம் ஆண்டு நேர்ந்த அணு உலை விபத்தை அது ‘நேர்ந்த’ ஒன்றாக விட்டுவிடவில்லை. எந்த அறையில், எந்த மேசையில், எந்தப் பொய் ஒப்பமிடப்பெற்றது என்று தேடிச் சென்றது. செய்தவரைத் தேடியதனாலேயே அதன் பிற குறைகள் பொறுத்தற்குரியன ஆயின. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் அதே அணு உலை வளாகத்தைக் கைப்பற்றி மார்ச் இறுதிவரை வைத்திருந்தபோது, அத்தொடரைக் கண்டிருந்தோர் அச்செயலின் பேரிடரை உடனே உணர்ந்தனர். நல்ல நாடகம் கண்களைப் பழக்குகின்றது என்பதற்கு இதுவே சான்று.

வீட்டுத் திரைக்கும் அதே அளவுகோல்

பிறர் படத்தை அளக்கும் கோலால் தன் படத்தையும் அளப்பவனே நேர்மையாளன். உக்ரேனியர் இதில் முற்றும் தேறினர் என்று கூறுதல் பொருந்தாது. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து அந்நாட்டின் முதன்மைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் இணைந்து இடைவிடாத பொதுச் செய்தி ஒளிபரப்பை நடத்தின. தாக்குதலின் தொடக்க நாள்களில் அது மக்களுக்கு உறுதியை அளித்தது. 2022 மார்ச் 1ஆம் நாள் ரஷ்ய ஏவுகணைகள் பாபின் யாரை அடுத்து நிற்கும் கீவ் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கி ஐவரைக் கொன்றன. அத்தகைய நாளில் செய்தி தடையின்றிக் கிடைப்பதே பெரும்பேறு. ஆயின் ஆண்டுகள் செல்லச் செல்ல, அரசுக்கு உகந்த செய்திகளே அதில் மிகுகின்றன என்று உக்ரேனியச் செய்தியாளர்களே குறை கூறினர். 2022 ஏப்ரலில் எதிர்த்தரப்புச் சார்புடைய மூன்று அலைவரிசைகள் எண்மத் தரைவழி ஒளிபரப்பிலிருந்து நீங்கின. ‘நீங்கின’ என்பதும் வினைமுதல் இல்லாத தொடரே. நீக்கியவர் எவர் என்று கேட்கும் உரிமை உக்ரேனியக் குடிமகனுக்கு உண்டு. அவர்கள் கேட்கவும் செய்கின்றனர். இதுவே அந்நாட்டுப் பார்வையாளரின் பெருமை.

நாடகத்தின் வலிமையையும் அவர்கள் நன்கறிவர். 2015இல் தொடங்கிய ‘மக்கள் தொண்டன்’ என்னும் நகைச்சுவைத் தொடரில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் எதிர்பாராமல் நாட்டின் அதிபராகின்றார். அவ்வேடத்தில் நடித்த வொலோடிமிர் செலென்ஸ்கி 2019 ஏப்ரலில் 73 விழுக்காட்டு வாக்குகளோடு மெய்யாகவே அதிபராகத் தேர்வு பெற்றார். திரை வெறும் பொழுதுபோக்கு என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

‘அப்படியாயின் உக்ரேன் ரஷ்யப் படங்களைத் தடைசெய்தது சரியா?’ என்று கேட்போர் உளர். 2014 ஜனவரி 1க்குப் பின் எடுத்த ரஷ்யத் திரைப்படங்களை உக்ரேன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது உண்மை. தன் நிலத்தில் போர் தொடுத்த நாட்டின் படங்களுக்குத் தன் அலைவரிசையை வழங்க மறுக்கும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு. ஆயினும் தடை ஒரு கதவை மட்டுமே அடைக்கும். பொய்ப்படம் நுழைய ஆயிரம் சாளரங்கள் உள்ள காலம் இது. கதவை அடைப்பதைவிடக் கண்ணைப் பழக்குவதே நிலைத்த காப்பு. அப்பணி அரசின் பணியன்று, ஆசிரியரின் பணி.

வகுப்பறையின் கடன்

இப்பணியில் தமிழாசிரியருக்குத் தனியிடம் உண்டு. தன்வினையையும் பிறவினையையும், செய்வினையையும் செயப்பாட்டு வினையையும் ஆண்டுதோறும் கற்பிப்பவர் அவர். தேர்வில் இரு மதிப்பெண் பெறுவதற்குரிய பாடமாக அது சுருங்கிவிடுதல் பெருங்குறை. ‘பள்ளி தாக்கப்பட்டது’ என்னும் செய்தித் தொடரைக் கரும்பலகையில் எழுதி, ‘யாரால்?’ என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர் இலக்கணத்தையும் கற்பிக்கின்றார், அறத்தையும் கற்பிக்கின்றார். போர் ஆவணப்படம் ஒன்றைக் காண நேரும் மாணவன் கேட்க வேண்டியவை மூன்றே வினாக்கள். இவ்வினையைச் செய்தவர் யார்? இவ்வினையால் துன்புற்றோரின் பெயர் யாது? இப்படத்தை எடுக்கப் பொருளும் வழியும் தந்தவர் எவர்? மூன்றாம் வினாவைக் கேளாது முதலிரண்டிற்கும் விடை தேடுபவன் 2014 நவம்பரில் போலிச் செயற்கைக்கோள் படத்தை நம்பியவர்களோடு சேர்ந்துவிடுவான்.

இவ்வினாக்கள் உக்ரேனுக்கு மட்டும் உரியன அல்ல. எந்நாட்டுப் போரைக் காட்டும் படத்திற்கும் பொருந்தும். விருப்பமான நாடு செய்யும் போருக்கு ஒரு கோல், வெறுக்கும் நாடு செய்யும் போருக்கு மற்றொரு கோல் என்று வைத்திருப்பவர் வினைமுதலைத் தேடுபவர் ஆகார்.

மரியுபோல் நகரைப் படமெடுக்க மீண்டும் சென்ற லித்துவேனிய இயக்குநர் மாந்தாஸ் க்வேதாராவிசியஸ் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே கொலையுண்டார். அவருக்குத் துணையாக இருந்தவர் அவருடைய உடலையும் படப்பதிவுகளையும் வெளியே கொண்டுவந்தார். அடுத்த மாதமே கான் விழாவில் அப்பதிவுகள் ‘மரியுபோலிஸ் 2’ என்னும் படமாக ஒளியேறின. அத்தகைய விலை கொடுத்து வரும் காட்சியைப் பார்ப்பவர், ‘ஐயோ, எத்துணை துயரம்!’ என்று கூறிவிட்டு எழுந்து செல்வது போதாது. துயரத்தைக் கண்டவர் அதனைச் செய்தவரின் பெயரையும் கேட்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். உக்ரேனியப் பார்வையாளர் உலகிடம் வேண்டுவது இவ்வளவே: தொடரை முடித்து எழுதுங்கள்.